நூற்றுக்கு இரண்டு ரூபாய்

தருமபுரி கடைத்தெருவில் முதன்முதலாகக் கார்டு மெஷின் வைத்தது எந்தக் கடை என்று, ஓய்வு பெற்ற நாங்கள் நாலு பேர் கூடினால் ஒரு விவாதம் கிளம்பும். ஒருவர் ஜவுளிக்கடை என்பார், இன்னொருவர் நகைக்கடை என்பார், மூன்றாமவர் பெட்ரோல் பங்க் என்று அடித்துச் சொல்வார். அந்தப் பட்டத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போகலாம். எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியம். வங்கிக்காரர்கள் வீடு தேடிப் போய், மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டும்கூட, நம் கடைக்காரர்கள் அத்தனை ஆண்டுகள் ஏன் வேண்டாம் என்றார்கள்?

"படிப்பு போதாது, வருமான வரிக்குப் பயம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். வரிப் பயம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வங்கி வேலையில் இருந்தபோது கடைக்காரர்களோடு பேசிய அளவில் சொல்கிறேன்: அவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் மறுத்தார்கள். அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது.

அதைப் புரிந்துகொள்ளக் கார்டு பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். 1950-ல் நியூயார்க்கில் பிராங்க் மெக்நமாரா என்பவர் டைனர்ஸ் கிளப் கார்டைத் தொடங்கினார். ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பர்ஸை மறந்து அவமானப்பட்டதால் இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. அது விளம்பரத்துக்காக மெருகேற்றிய கதை என்பது பின்னால் தெரியவந்தது. கார்டு வைத்திருப்பவர் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும், மாதக் கடைசியில் கிளப்புக்குப் பணம் கட்டுவார். ஓட்டல்காரர் பில் தொகையில் நூற்றுக்கு ஏழு டாலரைக் கிளப்புக்குக் கழித்துக் கொடுக்க வேண்டும். ஏழு! கையில் காசு இல்லாதவரும் வந்து தாராளமாகச் சாப்பிடுகிறார் என்பதால் ஓட்டல்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

நமக்கு நெருக்கமான கதை 1958-ல் நடந்தது. கலிபோர்னியாவில் பிரெஸ்னோ என்று ஓர் ஊர். திராட்சையும் உலர்திராட்சையும் விளையும் விவசாய ஊர். அந்த செப்டம்பரில் பாங்க் ஆஃப் அமெரிக்கா, யாரும் கேட்காமலே, அந்த ஊர்க்காரர்களுக்கு 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பியது. அதுதான் பின்னால் 1976-ல் 'விசா' என்று பெயர் மாறியது. ஊரில் 300-க்கு மேற்பட்ட கடைகள் ஆரம்பத்திலேயே சேர்ந்தன. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சிறு கடைக்காரர்கள். சியர்ஸ் போன்ற பெரிய கடை சேரவில்லை, அவர்களிடம் சொந்தமாகவே கடன் அட்டை இருந்தது.

சிறு கடைக்காரர்கள் ஏன் சேர்ந்தார்கள்? அவர்களும் நம் மளிகைக்கடைக்காரரைப் போலக் கடன் நோட்டு வைத்து வியாபாரம் செய்தவர்கள்தான். நோட்டு எழுத ஓர் ஆள், மாதா மாதம் பில் அனுப்பத் தபால் செலவு, வசூலுக்கு அலைச்சல், கடைசியில் வராமல் போகும் பணம். வங்கி வந்து, "நோட்டை மூடி வையுங்கள். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட சீட்டை எங்களிடம் கொடுங்கள். கமிஷன் போக மீதியை உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறோம். அவர் கட்டுகிறாரா இல்லையா என்பது எங்கள் தலைவலி" என்றது. அது உண்மையிலேயே தலைவலியாகத்தான் முடிந்தது. நூற்றில் நான்கு கணக்கு பாக்கி விழும் என்று வங்கி எதிர்பார்த்திருக்க, 22 விழுந்தது. ஆனால் அந்த அடி வங்கிக்கு, கடைக்காரருக்கு இல்லை. கமிஷன் கொடுத்து அவர் தன் கடன் நோட்டின் சுமையை விற்றுவிட்டார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் மாவட்டத்துக்கு வருவோம்.

இங்கே பணம் மாதச் சம்பளமாக வருவது ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும்தான். மற்றவர்களுக்குப் பருவம் பார்த்து வரும். புளி உலுக்கினால் பணம், மாங்காய் இறங்கினால் பணம், பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிக்கு விலை கிடைத்தால் பணம், பட்டுக்கூடு ஏலம் போனால் பணம், பாலக்கோடு ஆலையோ கோபாலபுரம் ஆலையோ கரும்புக்குப் பட்டுவாடா செய்தால் பணம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் தீபாவளிக்கு வந்தால் பணம். நடுவில் உள்ள மாதங்களை ஓட்டியது மளிகைக்கடை நோட்டு. "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று பலகை தொங்கும். அதற்குக் கீழேயே உட்கார்ந்து முதலாளி கடன் எழுதிக்கொண்டிருப்பார்.

இந்தியாவுக்குக் கார்டு வந்து வெகுகாலம் ஆகிறது. 1961-ல் காளி மோடி என்பவர் டைனர்ஸ் கிளப்பை இங்கே கொண்டுவந்தார். 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவும் அடுத்த ஆண்டு ஆந்திரா பாங்க்கும் சொந்தக் கார்டு வெளியிட்டன. ஆனால் அவை பெருநகரத்து நட்சத்திர ஓட்டலுக்கும் விமான டிக்கெட்டுக்கும் ஆனவை. நம்மில் பலர் அந்தக் கால மெஷினைப் பார்த்திருந்தால் சென்னையிலோ பெங்களூரிலோதான் பார்த்திருப்போம். 'ஜிப்-ஜாப்' என்பார்கள். இரும்புத் தட்டில் கார்டை வைத்து, மேலே கார்பன் வைத்த மூன்று பிரதிச் சீட்டை வைத்து, பிடியை இப்படியும் அப்படியும் இழுத்தால் கார்டில் புடைத்திருக்கும் எண்கள் சீட்டில் பதியும். கார்டு எண்கள் புடைப்பாக இருந்ததற்கு இதுதான் காரணம். மெஷின் மறைந்து எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் புடைப்பு மட்டும் கார்டில் தங்கியிருந்தது.

அந்த ஏற்பாட்டில் கடைக்காரருக்கு வேலை அதிகம். திருட்டுப்போன, முடக்கப்பட்ட கார்டுகளின் எண்களை அச்சடித்து வங்கி புத்தகமாக அனுப்பும். அதில் தேட வேண்டும். தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் போன் போட்டு அனுமதி எண் வாங்கி எழுத வேண்டும். சீட்டுகளைக் கட்டி வங்கியில் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

நம் பக்கம் வந்தது அதற்கு அடுத்த தலைமுறை, கார்டைத் தேய்க்கும் மெஷின். வங்கியில் கரண்ட் அக்கவுண்ட் வேண்டும். கடைப் பதிவு, பான் கார்டு, வாடகை ஒப்பந்தம், ரத்து செய்த செக் ஒன்று, முதலாளியின் போட்டோ, இத்தனையும் கேட்பார்கள். கடை இருக்கிறதா என்று ஆள் வந்து பார்ப்பார். பிறகு கடைக்கு ஓர் எண், மெஷினுக்கு ஓர் எண் கொடுத்துப் பொருத்திவிட்டுப் போவார்கள். மாத வாடகை தனி. ஆரம்பத்தில் அது டெலிபோன் லைனில் ஓடியது. கடைக்கு இருப்பதோ ஒரே லைன். முதலாளி ஈரோட்டுக்குப் போன் போட்டுச் சரக்கு கேட்டுக்கொண்டிருந்தால் கல்லாவில் கார்டோடு நிற்பவர் நிற்க வேண்டியதுதான். 2012 வாக்கில் வெளிமாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனதே, அந்த நாட்களில் மெஷின் பாதி நேரம் மேஜை மேல் சும்மா கிடந்தது. சிம் போட்டு பேட்டரியில் ஓடும் மெஷின் பரவிய பிறகுதான் நிலைமை சீரானது.

இரவு கடை சாத்துமுன் 'செட்டில்மெண்ட்' போட வேண்டும். அன்றைய கணக்கு மொத்தமும் வங்கிக்குப் போய், கமிஷன் கழிந்து, அடுத்த வேலை நாளில் பணம் வரும். சனிக்கிழமை விற்றால் திங்கள், நடுவில் பண்டிகை வந்தால் இன்னும் தள்ளும். சீட்டு வரும் தாளோ வெப்பத் தாள். நம் ஊர் சித்திரை வெயிலில் சில மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத்தாள் ஆகிவிடும். வாடிக்கையாளர் "நான் வாங்கவே இல்லை" என்று புகார் கொடுத்தால் சாட்சிக்கு அந்தச் சீட்டைத்தான் கேட்பார்கள். அதனால் புதிதாக மெஷின் வாங்குபவர்களிடம், சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள் என்று நாங்கள் சொல்வது வழக்கம்.

இதையெல்லாம்கூடக் கடைக்காரர்கள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். பொறுக்க முடியாதது கமிஷன். ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதன்மேல் சேவை வரி. சர்க்கரையிலும் எண்ணெயிலும் நூற்றுக்கு மூன்று நான்கு ரூபாய் நின்றாலே பெரிது. "ரெண்டு ரூபாய உங்களுக்குக் குடுத்துட்டா எனக்கு என்ன சார் மிஞ்சும்?" என்று கேட்பார்கள். எங்களிடம் பதில் இருக்காது.

பிரெஸ்னோ கடைக்காரரும் கமிஷன் கொடுத்தவர்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் இங்கேதான். அவருக்கு வந்தது கிரெடிட் கார்டு. நமக்கு வந்தது டெபிட் கார்டு. 2016 அக்டோபரில் நாட்டில் 70 கோடிக்கு மேல் டெபிட் கார்டுகள் இருந்தன, கிரெடிட் கார்டுகள் 3 கோடிகூட இல்லை. டெபிட் கார்டு வைத்திருப்பவர் கணக்கில் பணம் உள்ளவர். கார்டு இல்லாவிட்டால் ஏ.டி.எம்.மில் எடுத்து ரொக்கமாகவே கொடுத்திருப்பார். கடன் கேட்பவரிடமோ கார்டு இருந்தாலும் கணக்கில் பணம் இல்லை. ஆக, ரொக்கம் கொடுப்பவருக்காகக் கமிஷன் கட்டிவிட்டு, கடன் நோட்டையும் கடைக்காரரே சுமக்க வேண்டும். இந்தப் பேரத்தில் அவருக்கு என்ன லாபம்?

அதனால் பலர் கமிஷனை வாடிக்கையாளர் தலையில் கட்டினார்கள். "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் எக்ஸ்ட்ரா." நகைக்கடையிலும் செல்போன் கடையிலும் இதைக் கேட்காதவர் யார்? டெபிட் கார்டுக்கு இப்படி வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் கடையில் டெபிட் கார்டுக்கு ரகசிய எண் கட்டாயம் ஆனது. இரண்டாவது உத்தரவை மெஷினே அமல்படுத்திவிட்டது. முதல் உத்தரவு காகிதத்தில் இருந்தது.

2016 நவம்பர் 8 இரவு எல்லாம் மாறியது. ரொக்கம் இல்லாத ஊரில் மெஷின் இல்லாத கடைக்கு வியாபாரம் இல்லை. அந்த மார்ச்சில் சுமார் 14 லட்சமாக இருந்த மெஷின்கள் ஓர் ஆண்டில் 25 லட்சம் ஆயின. வருஷக்கணக்கில் எங்களைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர்கள் வங்கி வாசலில் வரிசையில் நின்றார்கள். டெபிட் கார்டு கமிஷனை அந்த டிசம்பர் கடைசிவரை நிறுத்தி வைத்தார்கள். ஜனவரி பிறந்ததும் பழைய சண்டை திரும்பியது. லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான கமிஷன் வாங்கும் பெட்ரோல் பங்க்காரர்கள், ஒரு சதவீதம் எங்கிருந்து கொடுப்பது என்று கேட்டு, 2017 ஜனவரி 9 முதல் கார்டு வாங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். அரசு தலையிட்ட பிறகு ஒத்திவைத்தார்கள். மளிகைக்கடைக்காரர் இத்தனை காலம் தனியாகச் சொன்ன கணக்கை அவர்கள் சங்கமாகச் சொன்னார்கள், அதனால் டெல்லிக்குக் கேட்டது.

பிறகு விதிகள் வேகமாக மாறின. 2018 ஜனவரி முதல், ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கும் கடைக்கு டெபிட் கார்டு கமிஷன் 0.40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மற்றவர்களுக்கு 0.90. 2020 ஜனவரி முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் கமிஷனே இல்லை. அப்புறம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். இளநீர் வண்டியிலும் ஒரு கியூஆர் அட்டை. 2023 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒரே மாதத்தில் 1,000 கோடி தடவைக்கு மேல் யு.பி.ஐ.யில் பணம் கைமாறியது. அரை நூற்றாண்டாகப் படிப்பறிவும் வரிப் பயமும் தடை என்றார்களே, இரண்டு ரூபாயை எடுத்ததும் அந்தத் தடைகள் எங்கே போயின?

வங்கிகளுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. செலவு எங்களுடையது, வரவு பூஜ்யம் என்கிறார்கள். அரசு ஊக்கத்தொகை கொடுத்துச் சமாளிக்கிறது. கமிஷன் ஒழியவில்லை, கடைக்காரர் தோளிலிருந்து இறங்கி வேறு தோளுக்குப் போயிருக்கிறது.

கடன் நோட்டு மட்டும் எங்கள் தெரு மளிகைக்கடையில் இன்னும் இருக்கிறது, பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் பெட்டிக்குப் பக்கத்திலேயே. 2022-ல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்க ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தபோது, அறுபது ஆண்டுக்கு முந்தைய அந்த பிரெஸ்னோ பேரம் முதல் தடவையாக நம் மளிகைக்கடை வரைக்கும் வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கடன் வங்கியுடையது, நோட்டு எழுத வேண்டாம். சிறு கடைக்கு 2,000 ரூபாய் வரை கமிஷனும் கிடையாது, அதற்கு மேல் போனால் உண்டு. இதை அந்தக் கடைக்காரரிடம் விளக்கிச் சொன்னேன். பொட்டலம் கட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ மூவாயிரத்துக்குச் சாமான் வாங்குனா, பில்ல ரெண்டாப் போட்டுக்கலாமா சார்?" என்றார்.