பதுவைப் பேராலயத்தில் ஒரு தேர்வு

பதுவை என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் கோடி அற்புதர் அந்தோணியார். நாம் அதிகம் கேள்விப்படாத ஒரு பெண்மணியும் அந்நகரின் வரலாற்றில் இருக்கிறார். 1678ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள், வெனிசு நகரைச் சேர்ந்த எலேனா கொர்னாரோ பிஸ்கோப்பியா, தம் 32ஆம் வயதில் பதுவைப் பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் முன் நின்றார். திரண்ட கூட்டத்தைப் பல்கலைக்கழக மண்டபம் கொள்ளாது என்பதால் தேர்வு பேராலயத்தில் நடந்தது. அரிஸ்டாட்டிலின் நூல்களிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்ட இரு பகுதிகளை அவர் இலத்தீன் மொழியில் விளக்கினார். வழக்கமான இரகசிய வாக்கெடுப்பையும் ஒதுக்கிவிட்டு, தேர்வாளர்கள் ஒருமனதாக அவரை ஏற்றனர். தலையில் இலைமுடியும் விரலில் மோதிரமும் அணிவித்து, கையில் நூலைக் கொடுத்தனர். மெய்யியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதற்பெண் என வரலாற்றாசிரியர் பலரும் இவரையே குறிப்பிடுகின்றனர்.

ஆனால், முதலில் அவருக்கென வேண்டப்பட்டது மெய்யியல் பட்டம் அன்று, இறையியல் பட்டம். அதைத் தடுத்தவர் பதுவை ஆயர் கர்தினால் கிரகோரியோ பர்பரிகோ. இவரைக் கல்வியின் பகைவர் என்று தள்ளிவிட முடியாது. குருமடத்தை வளர்த்து, அதற்கென அச்சகமும் நிறுவியவர். 1960இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் இவரைப் புனிதராக அறிவித்தார். இவருடைய தடைக்குக் காரணம் அச்சொல்லிலேயே இருந்தது. இலத்தீனில் டாக்டர் என்றால் 'கற்பிப்பவர்' என்பதே பொருள்; கற்றவர் என்பதன்று. பெண் கற்கலாம், திருச்சபையில் கற்பிக்கலாகாது என்பது அக்காலத்தவர் கொள்கை. சபையில் பெண்கள் பேசாதிருக்க வேண்டும் என்று திருத்தூதர் சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியதை அதற்கு ஆதாரமாகக் காட்டினர். எனவே, மெய்யியல் பட்டத்தோடு நிறுத்திக்கொள்ள உடன்பாடாயிற்று.

எலேனாவோ அப்பட்டத்தையும் நாடியவர் அல்லர். ஏழு வயதில் அவருடைய கூர்மதியைக் கண்டுகொண்டவர் ஒரு பங்குக் குரு. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளை அவர் விரும்பியே கற்றார். ஆனால் துறவையே நாடினார். ஊரறியப் பட்டம் வேண்டும் என்று விரும்பியவர் தந்தை. வெனிசில் உயர் பதவி வகித்த அவர், எளிய குடியில் பிறந்த பெண்ணை மணந்தவர். தம் ஆண்மக்களின் பெயர்களை உயர்குடிப் பதிவேட்டில் ஏற்றவே பெரும்பணம் செலவிட்டவர். குடும்பத்தின் பெயர் உயர மகளின் கல்வியும் அவருக்கு ஒரு வழியாகத் தெரிந்திருக்க வேண்டும். (பிள்ளைகளின் பட்டங்களைத் திருமண அழைப்பிதழில் அச்சிட்டு மகிழும் நாம் அவரைக் கடிந்துகொள்ள உரிமையற்றவர்கள்.) எலேனாவுக்குப் பின் பதுவை தன் கதவைப் பெண்களுக்கு மூடியது. 1732இல் பொலோனாவில் லாவுரா பாசி பட்டம் பெறும்வரை 54 ஆண்டுகள் கடந்தன.

டாக்டர் என்னும் அதே சொல்லைத் திருச்சபை இன்னொரு வகையிலும் வழங்கி வருகிறது. அகுஸ்தினார், அக்குவினா தோமா போன்றோரை நாம் மறைவல்லுநர் என்கிறோம் அன்றோ? அதன் இலத்தீன் மூலமும் டாக்டர் என்பதே. இங்கும் பழைய தடை நீடித்தது. அவிலா நகர்ப் புனித தெரேசாவுக்கு அச்சிறப்பை வேண்டிய விண்ணப்பம் 1923இல் உரோமையிலிருந்து மறுக்கப்பட்டுத் திரும்பியபோது, 'பெண்பால் என்பது தடை' எனப் பொருள்படும் இரண்டே இலத்தீன் சொற்கள் காரணமாகக் கூறப்பட்டன.

1970இல் அத்தடை அகன்றது. அகற்றியவர் அத்திருத்தூதரின் பெயரையே தாங்கிய திருத்தந்தை ஆறாம் சின்னப்பர். செப்டம்பர் 27ஆம் நாள் தெரேசாவை மறைவல்லுநராக அறிவித்த மறையுரையில், கொரிந்தியர் திருமுகத்தின் அந்த வரியை அவர் மறைக்காமல் எடுத்துப் பேசினார். ஒரே வாரம் கழித்து, அக்டோபர் 4ஆம் நாள், சியன்னா நகர்ப் புனித கத்தரீனுக்கும் அதே சிறப்பு வந்தது.

கத்தரீன் யார்? 1347இல் ஒரு சாயத் தொழிலாளியின் வீட்டில் பிறந்தவர். பள்ளிக்குச் சென்றதில்லை. வளர்ந்த பிறகே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினார். எழுதக் கற்றதோ 30 வயதளவில். அவருடைய ஏறத்தாழ 380 கடிதங்களில் பெரும்பாலானவை, அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியவை. அவிஞ்ஞோனில் தங்கியிருந்த திருத்தந்தை பதினொன்றாம் கிரகோரியாரை, டஸ்கனிக் குழந்தைகள் தந்தையைக் கூப்பிடும் செல்லச் சொல்லால் அழைத்து, 'அஞ்சாதீர், உரோமைக்குத் திரும்புங்கள்' என்று வற்புறுத்தியவர் இவர். 1377 சனவரியில் திருத்தந்தை திரும்பினார். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் உருவான 'உரையாடல்' என்னும் நூலும் அவர் சொல்லப் பிறர் எழுதியதே. பதுவைத் தேர்வாளர்கள் முன் இவர் நின்றிருந்தால் அரிஸ்டாட்டிலின் முதல் வரியைக்கூடப் படித்திருக்க மாட்டார்.

ஏழு மொழி அறிந்தவருக்கு மறுக்கப்பட்ட சொல், எழுதத் தெரியாமல் வளர்ந்தவருக்குக் கிடைத்தது. இரு பட்டங்களும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஒன்றைத் தேர்வாளர் வழங்கினர், மற்றதைத் திருச்சபை. எனினும், கற்பிப்பவர் என்னும் பழைய பொருளுக்கு இரண்டாவதே நெருங்கி நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1997இல் குழந்தை இயேசுவின் தெரேசாவும் 2012இல் ஹில்டகார்டும் அவ்வரிசையில் சேர்ந்தனர். முன்னவருடைய பள்ளிப்படிப்பு 13 வயதில் முடிந்துபோனது.

பட்டம் பெற்ற எலேனா பதுவையிலேயே தங்கி, செபத்திலும் ஏழைகளுக்குத் தொண்டு செய்வதிலும் நாட்களைக் கழித்து, 1684இல் 38 வயதில் இறந்தார். தாமே விரும்பியபடி, புனித யுஸ்தீனா ஆலயத்தில் பெனடிக்ட் சபைத் துறவியரிடையே அடக்கம் செய்யப்பட்டார். அவர் தேர்வெழுதாமல் வாயால் விளக்கி வென்ற அந்தப் பேராலயத்திலோ, இன்று கர்தினால் பர்பரிகோவின் திருவுடல் வைக்கப்பட்டுள்ளது.