கிரகாம் எண்: அளவும் அறிதலும்

மிகப் பெரிய முழு எண்களைப் பற்றி எழுதுவோரிடம் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: எண் பெருகப் பெருக அதைப் பற்றி அறியக்கூடியது சுருங்கிவிடும் என்பது. கிரகாம் எண்ணைப் பேசுகையில் இது உச்சத்துக்குப் போகிறது. அண்டத்தில் அதன் இலக்கங்களை எழுத இடம் போதாது என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். எழுத முடியாமை வேறு, அறிய முடியாமை வேறு. ஓர் எண்ணை அறியத் தடையாக நிற்பது அதன் அளவன்று, அது நமக்குத் தரப்பட்டிருக்கும் வடிவமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மிகைப்பரிமாணக் கனசதுரத்தின் முனைகளை இணைக்கும் கோடுகளுக்கு இரு வண்ணம் தீட்டும் ராம்சே கோட்பாட்டுச் சிக்கல் ஒன்றின் மேல்வரம்பாக ரொனால்டு கிரகாம் இந்த எண்ணைச் சொன்னார். 1977இல் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்தியில் எழுதி இதைப் பரப்பினார். (1971இல் கிரகாமும் ராத்ஸ்சைல்டும் வெளியிட்ட வரம்பு இதைவிடச் சிறியது. புகழ் பெற்றதோ பெரியது!) ஆக்கும் முறை எளிது. 3↑↑3 என்பது 3²⁷, அதாவது 7625597484987. 3↑↑↑3 என்பது அத்தனை மூன்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியாக ஏற்றிய கோபுரம். நான்கு அம்புகள் கொண்ட 3↑↑↑↑3 முதல் எண். அந்த எண் எவ்வளவோ அத்தனை அம்புகள் இரண்டாம் எண்ணில். இப்படியே போய் 64ஆவதாக வருவது கிரகாம் எண். இதைக் ‘க’ என்போம்.

எவ்வளவு உயர்ந்தாலும் ‘க’ மூன்றுகளாலான கோபுரமே. ஆகவே க = 3^ப; இங்கே ‘ப’வும் மூன்றின் கோபுரம். 3இன் படிகளை 100ஆல் வகுத்தால் வரும் மீதிகள் 20 படிக்கு ஒருமுறை சுழல்கின்றன. எனவே ‘ப’வை 20ஆல் வகுத்த மீதி தெரிந்தால் போதும். 20ஆல் வகுக்கும்போது சுழற்சி 4. ‘ப’வின் படியோ 3இன் ஒற்றைப்படி, ஆதலால் 4ஆல் வகுக்க மீதி 3. 3³ = 27, 20ஆல் வகுக்க மீதி 7. 3⁷ = 2187. ஆகக் ‘க’வின் கடைசி இரு இலக்கங்கள் 87. இதே வழியில் இன்னும் இறங்கினால் கடைசிப் பத்து இலக்கங்கள் 2464195387 எனக் கிடைக்கும்.

இதன் அண்டை எண்களும் வசப்படுகின்றன. ‘ப’ 3இன் ஒற்றைப்படை மடங்கு. எனவே க+1ஐ 28 வகுக்கும், க−1ஐ 26 வகுக்கும். 11ஆல் வகுக்கையில் 3இன் படிகளின் சுழற்சி 5. ‘ப’வின் கடைசி இலக்கமும் 7, ஆகவே ‘க’வின் மீதி 9. க+2 பகு எண் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை, அதை 11 வகுக்கிறது. ‘க’வின் வகுஎண்களின் எண்ணிக்கை ப+1; அதுவும் 28இன் மடங்கே. ‘ப’ ஒற்றை எண் என்பதால் ‘க’ வர்க்க எண் அன்று. 3இன் மடங்கு என்பதால் கன எண்.

இப்போது இருபதாம் ஃபெர்மா எண்ணைப் பாருங்கள்: 2^1048576 + 1. இலக்கங்கள் 315653 மட்டுமே. ஒரு புத்தகத்தில் அச்சிட்டுவிடலாம். அது பகு எண் என்று 1980களிலேயே கணினியால் நிறுவியாயிற்று. ஆயினும் ஒரு காரணியும் அகப்படவில்லை. ஒவ்வோர் இலக்கமும் கண்முன் இருக்கும் எண்ணின் காரணி தெரியாது. இலக்கங்களை முழுதாக எழுதவே இயலாத எண்ணின் ஒரே பகாக் காரணி 3 என்று தயக்கமின்றிச் சொல்கிறோம்.

இங்கே ஒரு தடை எழுப்பலாம், அது வலுவானதும்கூட. 87 என்பது கிரகாம் எண்ணுக்கே உரியதன்று. சிறிதே உயர்ந்த எந்த மூன்றின் கோபுரத்துக்கும் அதுவே முடிவு. 2464195387உம் அப்படித்தான். அப்படியானால் நாம் அறிந்தது ஒரு குடும்பத்தின் சாயலையே அன்றி இந்த எண்ணை அன்று. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது என் வாதத்தைக் குலைப்பதாகவும் தோன்றவில்லை. கோபுர வடிவம் மீதிகளைத் தருகிறது, அளவைத் தருவதில்லை. 63ஆவது எண்ணையும் 64ஆவது எண்ணையும் வேறுபடுத்துவது இடப்பக்கத்து இலக்கங்கள். அவற்றுள் முதல் இலக்கத்தைக் கண்டறிய மடக்கை எடுத்து, ‘ப’வை 3இன் மடக்கையால் பெருக்கிய எண்ணின் பின்னப் பகுதியை அறிய வேண்டும். ‘ப’வுக்குள்ள இலக்கங்களை விடவும் மிகுந்த துல்லியத்தில் அம்மடக்கை வேண்டியிருக்கிறது; மீதிகளின் சுழற்சி அங்கே உதவாது. அடிப்படை 3இல் எழுதினாலோ நிலைமை தலைகீழாகிவிடும்: முதல் இலக்கம் 1, பின்னால் வருபவை அனைத்தும் சுழியம்.