எண்ணெய் அல்லாத எண்ணெய்

மோட்டார்ப் பட்டறைகளில் ‘பிரேக் ஆயில்’ என்று வழங்கும் திரவத்தைப் பற்றி இன்று பேச விரும்புகின்றேன். இன்றைய கார்களில் ஊற்றப்படும் அது எண்ணெய் அன்று. ஆயினும் அப்பெயர் காரணமின்றி வந்ததும் அன்று; ஒரு காலத்தில் அதில் மெய்யாகவே எண்ணெய் இருந்தது. பெயரை நம்பி வேறோர் எண்ணெயை ஊற்றினால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமற் போகலாம். ஆதலின் இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று கருதிவிட வேண்டா.

தொடக்க காலக் கார்களில் ஓட்டுநரின் கால் விசையைச் சக்கரத்திற்குக் கொண்டு சென்றவை இரும்புக் கம்பிகளும் வடங்களுமே. பெரும்பாலான வண்டிகளில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் கம்பி கட்டினால், நான்கையும் ஒரே அளவு முறுக்கி வைத்தல் அரிது. ஒன்று முந்திப் பற்றினால் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். இதற்கு வழி பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞரின் நூலில் இருந்தது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்ற அவர் விதி, அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663-இல் அச்சேறியது. நீங்கள் பள்ளியில் படிக்கும் அதே விதிதான். காருக்கு அது வந்து சேர இரண்டரை நூற்றாண்டுகள் ஆயின!

கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவர் மால்கம் லாக்ஹீட் என்ற அமெரிக்கர். உடன்பிறந்தார் ஆலனுடன் விமானம் கட்டிய இவர், பின்னர் டெட்ராய்ட் நகரில் திரவ பிரேக்குகளில் ஈடுபட்டார். 1921-இல் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில், நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக் பொருத்திய டூசன்பர்க் காரை ஓட்டி ஜிம்மி மர்ஃபி வென்றார். அவ்வண்டியின் குழாய்களில் இருந்தது கிளிசரின் கலந்த நீர். நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1924-இல் வெளிவந்த கிறைஸ்லர் கார் இம்முறையைப் பலரும் வாங்கக்கூடிய விலைக்குக் கொணர்ந்தது. லாக்ஹீடின் பிஸ்டன்களில் திரவம் கசியாமற் காத்தவை தோல் கிண்ணங்கள், அவை கசிந்தன. கிறைஸ்லர் பொறியாளர்கள் அவற்றை நீக்கி ரப்பர்க் கிண்ணங்களை வைத்தனர். என் கருத்தில், இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே. ஏனெனில், அன்று முதல் எத்திரவத்தை ஊற்றலாம் என்பதைத் தீர்மானித்தது ரப்பரே. பெட்ரோலியத்தினின்று வரும் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் குழைந்துவிடும். ஆமணக்கெண்ணெயோ அதற்குத் தீங்கு செய்யாது. குளிரில் அது கெட்டிப்படுவதால் ஆல்கஹால் கலந்து இளக்கினார்கள். நம் வீடுகளில் குழந்தைகளை அஞ்சி ஓடச் செய்த விளக்கெண்ணெய், அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளை நிறுத்தியது! ‘ஆயில்’ என்னும் பெயருக்குப் பொருள் தந்தது இவ்வெண்ணெய்தான்.

ஹென்றி ஃபோர்டு மட்டும் நெடுநாள் இணங்கவில்லை. மிதியிலிருந்து சக்கரம் வரை எஃகே என்று அவர் நிறுவனம் விளம்பரம் செய்தது. 1939-ஆம் ஆண்டு மாடல்களில்தான் ஃபோர்டு கார்களும் திரவத்திற்கு மாறின.

பிரேக் போடும்போது வண்டியின் ஓட்டம் வெப்பமாக மாறுகிறது. மலைப்பாதையில் இறங்குகையில் அவ்வெப்பம் திரவத்தை எட்டும். திரவம் கொதித்தால் ஆவிக்குமிழிகள் தோன்றும்; திரவம் சுருங்காது, ஆவி சுருங்கும். ஓட்டுநர் மிதிப்பார், மிதி தரை வரை இறங்கும், வண்டி மட்டும் நில்லாது. எளிதில் ஆவியாகும் ஆல்கஹாலைக் கொண்ட பழைய கலவைக்கு இது பெருங்குறை. ஆகவே நாளடைவில் கிளைக்கால் ஈதர் வகைத் திரவங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. எண்ணெய் போயிற்று, பெயர் நின்றது.

புதிய திரவத்திற்கும் ஒரு குணம் உண்டு: காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் தரத்தில் புதியது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாதிருக்க வேண்டும், சுமார் 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் அவ்வெல்லை 140 பாகையே. இதனைக் குறை என்றே சொல்லிவிட மாட்டேன். ஈரத்தை ஏற்காத சிலிக்கோன் திரவத்தில், புகுந்த நீர் தாழ்ந்த இடத்தில் தனியே தேங்கும். அங்கே அது 100 பாகையை ஒட்டிக் கொதிக்கவும் உலோகத்தை அரிக்கவும் கூடும்.

ஆகவேதான் பல கார்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதனை மாற்றுமாறு கையேடுகள் கூறுகின்றன. எஞ்சின் அருகிலுள்ள சிறு கலத்தில் மேல்கோடும் கீழ்க்கோடும் இருக்கும். மட்டம் இடையில் நிற்க வேண்டும். மட்டம் குறைந்திருந்தால் பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கலாம், எங்கேனும் கசிவும் இருக்கலாம். பார்க்காமல் ஊற்றி நிரப்புவது நோயை மறைப்பதாகும். மாற்றும்போது ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே உள்ள சிறு திருகைத் திறந்து மூடுவார். கறுத்த திரவம் வெளியேறிக் குமிழியின்றித் தெளிந்த திரவம் வரும்வரை ஒவ்வொரு சக்கரத்திலும் இது நடைபெறும். அதற்குள் மேற்கலம் வறண்டுவிடாமல் முத்திரை உடைக்காத புட்டியிலிருந்து ஊற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும்; வறண்டால் காற்றுப் புகுந்து, செய்த வேலையை முதலிலிருந்து தொடங்க நேரும்.