தந்தியும் மாட்டு வண்டியும்

1857-ஆம் வருஷம் மே மாதம் 11-ஆந் தேதி காலை, மீரட்டில் கலகம் செய்த சிப்பாய்கள் டில்லிக்குள் புகுந்தார்கள். அன்றே அம்பாலாவுக்குத் தந்தி போயிற்று. மறுநாள் ஸிம்லாவிலிருந்த பிரதம சேனாதிபதி ஆன்ஸனுக்கும் சேதி எட்டிவிட்டது. அம்பாலாவிலிருந்து டில்லி சுமார் 120 மைல். ஆயினும் ஆங்கிலேயப் படை டில்லியின் வாசலுக்கு வந்து சேர்ந்தது ஜூன் 8-ஆந் தேதிதான்!

கஸௌலி முதலிய மலைவாசங்களிலிருந்த பட்டாளங்கள் சில நாட்களில் இறங்கி வந்துவிட்டன. சிப்பாய் நடப்பான், அவனுடைய கூடாரமும் மருந்தும் குண்டும் நடக்குமா? அவற்றைச் சுமக்க வண்டியில்லை, ஒட்டகமில்லை. சமாதான காலத்தில் இதெல்லாம் வீண் செலவென்று கம்பெனி சர்க்கார் நிரந்தர வண்டிப் படையைச் சில வருஷங்களுக்கு முன்பே கலைத்துவிட்டிருந்தது. இப்போது ஊர் ஊராக வண்டி பிடிக்க வேண்டியதாயிற்று. கலகம் மூண்ட சீமையில் மாட்டை அவிழ்த்துக் கொடுக்க எந்தக் குடியானவனுக்கு மனம் வரும்?

வழியிலே, கர்னாலில், மே 27-ஆந் தேதி ஆன்ஸனைக் காலரா கொண்டுபோயிற்று.

சேதி தந்தியில் பறந்தது. சேனை மாட்டின் நடையில் நகர்ந்தது. இரண்டுக்கும் நடுவே கழிந்த நான்கு வாரத்தில் லக்னோ எழுந்தது, பரேலி எழுந்தது, கான்பூரும் எழுந்தது. மாட்டுத் தீவனத்தில் மிச்சம் பிடித்த பணத்துக்கு வட்டி, இரு தரப்பிலும் மனித உயிர்களாகவே கட்டப்பட்டது.