அந்தமான் பழங்குடிகளின் காட்டுப்பன்றி வேட்டை

அந்தமான் பழங்குடிகளின் காட்டுப்பன்றி வேட்டை என்பது, வங்காள விரிகுடாவிலுள்ள அந்தமான் தீவுகளின் தொல்குடிகளான பெரிய அந்தமானியர், ஒங்கே, ஜாரவா ஆகியோர் உணவுக்காகக் காட்டுப்பன்றியைத் தேடி எய்து, அறுத்து, சுட்டு, பங்கிட்டு உண்டுவந்த முறைகளையும், அவற்றோடு பிணைந்த விலக்குகளையும் சடங்குகளையும் சேர்த்துக் குறிப்பதாகும். உழவையும் கால்நடை வளர்ப்பையும் அறியாத இம்மக்களுக்குக் கடல் ஆமையும் மீனும் ஒருபுறம் உணவளித்தன; நிலத்தில் கிடைத்த இறைச்சியில் முதலிடம் பெற்றது காட்டுப்பன்றியே. ஆகவே இவ்வேட்டையின் வரலாறு, அம்மக்கள் காட்டை அறிந்திருந்த விதத்தின் வரலாறாகவும், வெளியாரின் வருகையால் அந்த அறிவு என்ன ஆயிற்று என்பதன் வரலாறாகவும் அமைகிறது.

அந்தமான் காட்டுப்பன்றி, இந்திய நிலப்பரப்பில் காணப்படும் காட்டுப்பன்றியைவிட உருவில் சிறியது. எட்வர்ட் பிளித் என்னும் விலங்கியலாளர் 1858ஆம் ஆண்டில் இதற்கு அறிவியல் பெயரிட்டார். காட்டுப்பன்றி இனத்தின் துணையினமாகிய இது இன்று ‘சுஸ் ஸ்குரோஃபா அந்தமானென்சிஸ்’ என்று வழங்கப்படுகிறது. புலி, மான், காட்டெருமை போன்ற பெருவிலங்குகள் இயற்கையாக இல்லாத இத்தீவுகளில் நிலத்தில் வாழும் பாலூட்டிகளுள் இதுவே மிகப் பெரியது. இது தொடக்கம் முதலே இங்கு இருந்ததா, மனிதரால் பிற்காலத்தில் கொண்டுவரப்பட்டதா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டுவருகிறது. அவ்விவாதத்துக்கு அடிப்படையாக இருப்பவை குப்பைமேடுகள். அதாவது, தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் தங்கியவர்கள் தின்று போட்ட சிப்பி ஓடும் எலும்பும் உடைந்த பானையும் குவிந்து மேடான இடங்கள். தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் அகழப்பட்ட மேடு 2000 ஆண்டுகளுக்கும் சற்று முற்பட்டது எனக் காலக்கணிப்புக் கூறுகிறது. அந்தமான் தீவுகளில் இத்தகைய மேடுகளைத் தோண்டிய இத்தாலிய மானிடவியலாளர் லிதியோ சிப்ரியானி, அடிமட்ட அடுக்குகளில் பன்றி எலும்பு இல்லை என்றும் மேலடுக்குகளிலேயே அது தோன்றுகிறது என்றும் கருதினார். எவ்வாறாயினும், தனித் துணையினமாகக் கருதப்படும் அளவுக்கு அந்தப் பன்றி இத்தீவுகளுக்கே உரியதாகிவிட்டது.

இவ்வேட்டை பற்றிய எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் 1858இல் போர்ட் பிளேரில் ஆங்கிலேயர் கைதிக் குடியிருப்பை நிறுவியதற்குப் பிற்பட்டவை. ஈ. எச். மேன் 1880களில் எழுதிய விரிவான குறிப்புகளும், எம். வி. போர்ட்மன் 1899இல் வெளியிட்ட வரலாறும், 1906 முதல் 1908 வரை களத்தில் தங்கிய ஏ. ஆர். ராட்கிளிஃப்-பிரவுன் 1922இல் வெளியிட்ட நூலும் முதன்மையாகப் பெரிய அந்தமானியரைப் பற்றியவை. ஒங்கே மக்களைப் பற்றி 1950களில் சிப்ரியானியும், பின்னர் விஷ்வஜித் பாண்டியாவும் எழுதினர். இவற்றைப் படிப்போர் ஒன்றை மறக்கலாகாது: மேனும் ராட்கிளிஃப்-பிரவுனும் பார்த்த வேட்டை, நாய்கள் தீவுக்குள் வந்து, நோய்கள் மக்கள்தொகையைக் குலைத்த பிறகு எஞ்சியிருந்த வேட்டை. அதற்கு முந்தைய முறையை முதியவர்களின் நினைவிலிருந்தும் கருவிகளின் அமைப்பிலிருந்துமே அறிய வேண்டியிருக்கிறது.

கருவிகளுள் மிகுந்த நுட்பம் வாய்ந்தது பெரிய அந்தமானியரின் பன்றி அம்பு. மீனுக்குரிய அம்பு எளிய கூர்முனை கொண்டது; பன்றி அம்போ இரு துண்டுகளாக ஆனது. அகன்ற இரும்பு அலகும் அதன் பின்னே கொக்கிபோல் வளைந்த முட்களும் பொருத்திய ஒரு சிறு முன்தண்டு, நீண்ட பின்தண்டின் நுனியிலுள்ள குழியில் தளர்வாகச் செருகப்பட்டிருக்கும். இரண்டையும் ஒரு கொடியின் நாரால் திரித்த குறுங்கயிறு இணைக்கும். அக்கயிறு எய்வதற்கு முன் தண்டைச் சுற்றி முறுக்கி வைக்கப்படும். அம்பு பன்றியின் உடலில் தைத்ததும் முன்தண்டு கழன்று சதைக்குள் தங்கிவிட, பின்தண்டு கயிற்றின் முனையில் தொங்கி விலங்கின் பின்னால் இழுபட்டுச் செல்லும். காயம்பட்ட பன்றி புதருக்குள் பாயும்போது அந்தத் தண்டு வேரிலும் கொடியிலும் குறுக்காக மாட்டிக்கொள்ளும். முட்கள் சதையைப் பற்றியிருப்பதால் பன்றியால் பிய்த்துக்கொண்டு ஓட முடியாது. அடர்ந்த மழைக்காட்டில் காயம்பட்ட விலங்கு பத்தடி ஓடினாலே கண்ணிலிருந்து மறைந்துவிடும் என்பதை அறிந்தவர்களின் கண்டுபிடிப்பு இது. அந்தமானியர் அம்பு முனையில் நஞ்சு தடவியதில்லை. பன்றிக்குக் கண்ணியோ பொறியோ வைக்கும் வழக்கமும் அவர்களிடம் இல்லை. ஆதலால் வேட்டையின் வெற்றி முழுவதும் அருகே நெருங்கும் திறமையையும் இந்த அம்பின் அமைப்பையும் சார்ந்தே இருந்தது.

இரும்பு இத்தீவுகளில் கிடைப்பதன்று. உடைந்து கரையொதுங்கிய கப்பல்களிலிருந்து எடுத்த ஆணிகளையும் பட்டைகளையும் உலையில் காய்ச்சாமலேயே கல்லின் மேல் வைத்துத் தட்டியும் தேய்த்தும் அவர்கள் அலகாக்கினர். ஜாரவா மக்கள் குடியேற்றப் பகுதிகளிலிருந்து எடுத்துவந்த இரும்பையும் இவ்வாறே பயன்படுத்தினர். வில்லையும் அம்புத் தண்டையும் இழைத்து வழவழப்பாக்குவதற்குப் பன்றியின் கோரைப்பல்லே இழைப்புளியாயிற்று. வளைந்த அப்பல்லின் உள்விளிம்பைச் சிப்பி ஓட்டால் கூர்தீட்டி மரத்தின் மேல் இழுப்பர். ஒரு பன்றியின் பல் அடுத்த பன்றிக்குரிய வில்லைச் செய்ய உதவியது. ஜாரவா ஆடவர் வேட்டைக்குச் செல்லும்போது ‘கேகட்’ எனப்படும் மரப்பட்டை மார்புக்கவசத்தை அணிவர்.

மழைக்காலமே பன்றி வேட்டைக்கு உரிய பருவம். பழங்களும் கிழங்குகளும் தின்று கொழுத்த பன்றியின் இறைச்சி அப்போது சுவையாக இருக்கும். வறண்ட மாதங்களில் மெலிந்துபோன பன்றியை விரும்பாமல் மக்கள் தேனுக்கும் மீனுக்கும் திரும்பினர். இருவர் முதல் ஐவர் வரையிலான ஆடவர் சிறு கூட்டமாகக் காலையில் புறப்பட்டு, சேற்றில் பன்றி புரண்ட குழி, வேரைக் கிளறிய மண், புதிதாய்ப் பதிந்த குளம்படி ஆகியவற்றைப் பார்த்துத் தடம் பிடிப்பர். பன்றிக்குக் கண்பார்வையைவிட மோப்பமே வலிமையானது. ஆகவே காற்று வேட்டைக்காரனிலிருந்து பன்றியை நோக்கி வீசாதபடி சுற்றிவளைத்து நெருங்குவது இன்றியமையாதது. ஒங்கே மக்களின் வாழ்வில் காற்றும் மணமும் வகிக்கும் இடத்தை விரிவாக ஆராய்ந்த பாண்டியா, வேட்டையாடுவதும் வேட்டையாடப்படுவதும் அவர்களிடம் மணத்தை வெளிவிடுவது, அடக்குவது என்பவற்றின் வழியே உணரப்படுவதை எடுத்துக்காட்டுகிறார். காட்டை நன்கு அறிந்த எந்த வேட்டைக்காரருக்கும் இது புரியக்கூடியதே. ஒங்கே மக்கள் அதை ஒரு முழுமையான உலகப் பார்வையாகவே வளர்த்தெடுத்தனர்.

1858க்குப் பின் கைதிக் குடியிருப்பிலிருந்து நாய்கள் பெரிய அந்தமானியரிடம் பரவின. பின்னர் ஒங்கே மக்களும் அவற்றை வளர்க்கலாயினர். இவ்வேட்டையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் வேறில்லை. நாய்கள் பன்றியை மோப்பம் பிடித்து விரட்டி, ஒரு வேரடியிலோ பாறையோரத்திலோ வளைத்து நிறுத்த, ஆடவர் ஓடிவந்து முடிப்பது எளிதாயிற்று. ஒங்கேயரிடையே நாய் வளைத்த பன்றியை ஈட்டியால் குத்திக் கொல்வது வழக்கமாயிற்று. கிடைக்கும் இறைச்சி கூடியது. ஆனால் ஓசையின்றி நெருங்கி அம்பெய்யும் பழைய பயிற்சிக்கு இருந்த தேவை குறைந்தது. வெளியாரோடு நெடுங்காலம் பகைமை பாராட்டிய ஜாரவா மக்கள் மட்டும் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை நாயில்லாமல் வில்லாலேயே வேட்டையாடிவந்தனர். நாய்க்கு முந்தைய முறையை அறிய விரும்புவோர்க்கு அவர்கள் வேட்டையே மிக நெருங்கிய சான்று.

பன்றி விழுந்ததும் அதை அறுக்கும் வேலை காட்டிலேயே தொடங்கும். இரும்புக் கத்தி வருவதற்கு முன் மூங்கில் சிம்பைக் கத்தியாகப் பயன்படுத்தினர். வயிற்றைக் கீறிக் குடலையும் ஈரலையும் வெளியே எடுத்து, நெருப்பு மூட்டிச் சுட்டு, வேட்டைக்குச் சென்றவர்கள் அங்கேயே தின்பர். விரைவில் கெடும் உள்ளுறுப்புகளைச் சுமக்காமல் பயன்படுத்தும் வழியாகவும், பசித்த வேட்டைக்காரர்களுக்கு உரிய பங்காகவும் இது அமைந்தது. வெற்றான வயிற்றில் இலைகளைத் திணித்து, உடலைக் கொடியால் கட்டி, ஒருவர் முதுகில் சுமந்து குடியிருப்புக்குக் கொண்டுவருவர். அங்கு முழு உடலையும் நெருப்பின் மேல் இட்டுப் புரட்டி மயிரைப் பொசுக்கிச் சுரண்டுவர். வெப்பம் உள்ளே இறங்குவதற்காகக் கால் மூட்டுகளைப் பாதி அறுத்துவிடுவர். அரைவேக்காடாகச் சுட்ட பிறகே உடல் கூறு போடப்படும். அவரவர் பங்கை அவரவர் அடுப்பில் மண்பானையில் இட்டு மீண்டும் வேகவைத்து உண்பர். பன்றிக் கொழுப்பு வீணாக்கப்படுவதில்லை. உருக்கிய கொழுப்பைக் காவிமண்ணோடு குழைத்து உடலில் பூசும் செஞ்சாந்தாக்குவர்.

எவருடைய அம்பு முதலில் தைத்துத் தங்கியதோ அவருக்கே பன்றி உரியது என்பது பெரிய அந்தமானியரின் நெறி. ஆனால் உரிமை என்பது பங்கிடும் பொறுப்பைக் குறித்ததே தவிர, தனியே வைத்துக்கொள்ளும் சலுகையை அன்று. மூத்தவர் ஒருவர் கூறு போடுவதை மேற்பார்வையிடுவார். நல்ல பகுதிகள் மணமான முதியவர்களுக்குச் செல்லும். இளைஞர்கள் எஞ்சியதைப் பெறுவர். வேட்டைக்குச் செல்லாதவரும் பங்கில்லாமல் இருக்கமாட்டார். தன் இறைச்சியைத் தானே அடக்கிவைப்பவரை ஊர் இழிவாகக் கருதியது. இப்பகிர்வு முறையே அந்தச் சிறு குழுக்களைக் கட்டிக்காத்தது என்று கூறுவது மிகையாகாது. இறைச்சியைச் சேமித்து வைக்க வழியற்ற ஈரமான காட்டில், இன்று கொடுத்தவருக்கு நாளை கிடைக்கும் என்ற உறுதியே சேமிப்பாக இருந்தது.

பன்றி இறைச்சி ஆபத்தும் கொண்டதாகக் கருதப்பட்டது. அதை உண்டவர் உடலிலிருந்து எழும் மணம் ஆவிகளை ஈர்க்கும் என்ற நம்பிக்கையால், உண்டபின் களிமண்ணால் உடலில் கோடுகள் வரைந்து பூசிக்கொள்வர். இழவு காத்தவர்களும், குழந்தை பிறக்கவிருந்த பெற்றோரும் பன்றியையும் ஆமையையும் விலக்கினர். வயதுக்கு வரும் ஆண் பெண் இருபாலரும் சில காலம் இவ்வுணவுகளைத் தவிர்க்க வேண்டும். அவ்விலக்கை நீக்கும் சடங்குகளுள் ஒன்றில், ஆண்பிள்ளைக்கு ஆண்பன்றியும் பெண்பிள்ளைக்குப் பெண்பன்றியும் கொல்லப்படும். தரையில் அமர்ந்திருக்கும் இளைஞனின் தோளிலும் முதுகிலும் மூத்தவர் ஒருவர் பன்றியின் உடலை வைத்து அழுத்துவார். பன்றியின் வலிமை அவனுக்கு வரட்டும் என்பது கருத்து. பின்னர் கொழுப்பும் காவியும் பூசப்பட்டு, முதல் இறைச்சி அவனுக்கு ஊட்டப்படும். ஒங்கே இளைஞன் முழு ஆடவனாக ஏற்கப்படும் ‘தனகேரு’ என்னும் சடங்கிலும் பன்றி வேட்டையே நடுநாயகமானது.

பெரிய அந்தமானியரின் தொன்மக் கதை ஒன்றின்படி, முதலில் பன்றிகளுக்குக் கண்ணோ காதோ மூக்கோ இல்லை. அவை குடியிருப்புக்குள்ளேயே சுற்றித் தொல்லை கொடுத்தன. ஆதிப் பெண் ஒருத்தி அவற்றின் தலையில் துளைகளை இட்டுப் புலன்களைக் கொடுக்க, அவை காட்டுக்குள் ஓடிவிட்டன. அன்றிலிருந்து மனிதன் தேடிச் சென்று வேட்டையாட வேண்டியதாயிற்று. பன்றியின் மோப்பத்தோடு நாள்தோறும் போராடியவர்கள் அதற்கு ஒரு தோற்றக் கதை வைத்திருந்ததில் வியப்பில்லை. கொன்ற பன்றிகளின் மண்டையோடுகளைக் காக்கும் வழக்கமும் பரவலாக இருந்தது. ஜாரவா குடில்களில் பிரம்பால் பின்னிக் கட்டிய மண்டையோடுகள் கூரையின் உட்புறத்தில் வரிசையாகத் தொங்கியதை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள்மீது அனுப்பப்பட்ட தண்டனைப் படைகளோடு சென்றவர்கள் பதிவு செய்தனர்.

வடக்கு சென்டினல் தீவின் மக்களைப் பற்றி அறியக்கூடியது மிகக் குறைவு. 1974இல் கரையிறங்கிய ஒரு குழு அன்பளிப்பாகக் கட்டிவைத்த உயிருள்ள பன்றியை அவர்கள் ஈட்டியால் குத்திக் கொன்று மணலில் புதைத்துவிட்டனர். நிகோபார் தீவுகளின் நிலை முற்றிலும் வேறு: அங்கு நிகோபாரியர் பன்றியை வீட்டில் வளர்த்து விருந்துகளில் அறுப்பர்; பெரிய நிகோபாரின் ஷோம்பென் மக்கள் நாயும் ஈட்டியும் கொண்டு காட்டுப்பன்றியை வேட்டையாடுவர்.

விடுதலைக்குப் பின், அந்தமான் நிகோபார் தீவுகள் தொல்பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை 1956இல் பிறப்பிக்கப்பட்டுப் பழங்குடிக் காப்பகங்கள் வரையறுக்கப்பட்டன. ஆயினும் 1960களின் பிற்பகுதியில் சிறிய அந்தமானில் குடியேற்றமும் மரவெட்டும் தொடங்கியதால் ஒங்கே மக்களின் வேட்டைக்காடு சுருங்கியது. அரசு வழங்கிய அரிசியும் பருப்பும் அவர்கள் உணவில் பெரும்பங்கு பெற்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒங்கே மக்கள் 101 பேர், ஜாரவா மக்கள் 380 பேர். ஜாரவா காட்டை ஊடுருவிச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையின் பகுதிகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டபோதிலும் போக்குவரத்து நிற்கவில்லை. அச்சாலை வழியாக வேட்டைக்களத்துக்குள் அந்நியர் நுழைவதும் நிற்கவில்லை.

காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் அந்தமான் காட்டுப்பன்றி இடம்பெற்றிருந்தும், ஜாரவா காப்பகத்துக்குள் புகுந்து பன்றியைத் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்கும் வெளியாரால் அதன் எண்ணிக்கைக்கு ஆபத்து நேர்கிறது. ஆங்கிலேயர் கொண்டுவந்துவிட்ட புள்ளிமான் அதே காட்டில் பெருகிக் கிடந்தும் ஜாரவா மக்கள் பல தலைமுறைகளாக அதை உணவாகக் கொள்ளவில்லை. ஆதலால், பன்றி குறைந்தால் மானைத் தின்று ஈடுசெய்துகொள்வார்கள் என்று வெளியிலிருந்து கணக்கிடுவது அவர்கள் வாழ்வைச் சற்றும் அறியாத பேச்சாகும். பன்றித் திருட்டைத் தடுப்பது அவர்களுடைய உணவுரிமையைக் காப்பதே என்பதைக் காப்பக நிருவாகம் தன் முதற்கடமைகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.