விழுங்கிய பலூன்

சீனாவின் ஹெனான் மாகாணத்தில், தைஹாங் மலைத்தொடரை ஒட்டி லின்சியன் என்றொரு வட்டாரம். உணவுக்குழாய்ப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக இருந்த இடங்களுள் ஒன்று. அங்கே வளர்த்த கோழிகளின் தொண்டையிலும் புற்றுக்கட்டிகளை ஆய்வாளர்கள் கண்டார்கள். சோறு இறங்கவில்லை என்று ஒருவர் வந்து சொல்வதற்குள் நோய் முற்றியிருக்கும்.

1960களில் மலைக்கிராமங்களுக்கு எண்டோஸ்கோப்பி எட்டாக்கனி. ஷென் சியோங் என்ற மருத்துவர் சிறிய பலூன் ஒன்றுக்கு வலை போர்த்தினார். சுருங்கிய பலூனை விழுங்கச் சொல்லி, உள்ளே போனதும் ஊதி, மெல்ல மேலே இழுத்தார்கள். வலையில் ஒட்டிய செல்களைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள்.

அமெரிக்கர்கள் மாத்திரைக் கூட்டுக்குள் ஸ்பாஞ்சை அடைத்து அதே லின்சியனுக்குக் கொண்டுவந்தார்கள். 1997இல் வெளியான ஒப்பீட்டில் இரண்டுமே பலரின் நோயைத் தவறவிட்டிருந்தன. ஸ்பாஞ்சு இன்னும் மோசம். கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

ஆனால் மேலைநாடுகளில் பெருகிவந்தது வேறு வகைப் புற்றுநோய். வருடக்கணக்கில் அமிலம் எதுக்களித்தால், உணவுக்குழாயின் அடிப்பகுதி குடலைப் போல மாறத் தொடங்கும். அந்தப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய இந்த மாற்றத்தை 'பாரட் உணவுக்குழாய்' என்கிறோம். லண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரட் 1950இல் இதை மேலே இழுபட்ட இரைப்பை என்றுதான் எழுதினார். லீட்ஸ் நகர மருத்துவர்கள் 1953இல் அதைத் திருத்தினார்கள். பெயர் மட்டும் பாரட்டுக்கே போனது.

நம் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. எது இயங்குகிறது, எது அடங்கியிருக்கிறது என்பதில்தான் குடல் செல்லும் உணவுக்குழாய் செல்லும் வேறுபடுகின்றன. பாரட் திசுவில் சிடிஎக்ஸ்2 என்ற குடல் மரபணு இயங்கத் தொடங்குகிறது. கேம்பிரிட்ஜில் ரெபெக்கா ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு மரபணுத் தரவுகளை அலசி, பாரட் திசுவில் மிகுந்தும் அக்கம்பக்கத்தில் அரிதாகவும் இருக்கும் டிஎஃப்எஃப்3 என்ற புரதத்தைப் பிடித்தது. தோற்றுப்போன ஸ்பாஞ்சுக்கு அதன்பின் மறுவாழ்வு. நூல் கட்டிய மாத்திரையை விழுங்கினால் சில நிமிடங்களில் கூடு கரைந்து, சுமார் 3 செ.மீ. ஸ்பாஞ்சு விரியும், நூலை இழுத்தால் செல்களோடு வரும். செல்லின் உருவத்தை மட்டும் நம்பியிருந்த காலம் போய், புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்க்கும் காலம் வந்தது.

கிளீவ்லண்டில் பலூனே திரும்பி வந்தது. மரபணுவை அடக்கிவைக்கும் மெத்தில் முத்திரைகள் விமென்டின் உள்ளிட்ட இரு மரபணுக்களின் டிஎன்ஏவில் இருக்கின்றனவா என்று தேடிப் பாரட்டைக் கண்டறியும் முறையை அங்குள்ள ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள்.

2020இல் 'லான்செட்' இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வில் 13,222 பேர். ஸ்பாஞ்சு சோதனைக்கு அழைக்கப்பட்ட பிரிவில் 140 பேருக்குப் பாரட் தெரியவந்தது. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 13 பேருக்கு மட்டுமே. அதே ஆண்டு கொரோனாவால் எண்டோஸ்கோப்பி அறைகள் முடங்க, ஸ்காட்லாந்து ஸ்பாஞ்சைக் கையில் எடுத்தது.

இந்தியாவில் பெரும்பாலும் காணப்படுவது லின்சியனைப் போன்ற செதிள் செல் வகை. புகையிலையும் மதுவும் அதற்கு முக்கியக் காரணங்கள். அது பாரட் வழியாக வருவதில்லை என்பதால் டிஎஃப்எஃப்3 இங்கே உதவாது. கருவி தயார், இந்த வகைக்கு ஏற்ற குறியீட்டைத் தேடுவதில்தான் இனி பணமும் உழைப்பும் போக வேண்டும்.