தன்னெதிர்ப்புத் தன்னியக்க நரம்புத்திரள் நோய்

இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், வியர்வை, உமிழ்நீர், கண்மணியின் சுருக்கம், குடலின் அசைவு, சிறுநீர்ப்பையின் இயக்கம் என மனிதனுடைய சித்தத்தை எதிர்பாராமல் நடைபெறும் காரியங்களை இரவு பகலாக நடத்திவரும் நரம்பு மண்டலத்துக்கு, 1898-இல் கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் லாங்லி தன்னியக்க மண்டலம் என்று பெயரிட்டார். சரீரத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே இம்மண்டலத்தின் நரம்புத்திரள்களைப் பகையாகக் கருதித் தாக்குவதால் விளைவது இந்த அபூர்வ நோய்.

நரம்புத்திரளில் ஒரு நரம்பணுவிலிருந்து மற்றொரு நரம்பணுவுக்குச் செய்தி கொண்டுசெல்வது அசிட்டைல்கோலின் என்னும் பொருள். அதனை ஏற்கும் வாயில்களைப் பற்றிக்கொண்டு செய்தியைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் நோயாளிகளின் இரத்தத்தில் இருப்பதை, அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் வெர்னினோ, லெனன் முதலியோர் 1998-இல் எடுத்துக்காட்டினர். நரம்பு அடியோடு அழிந்துவிடாமல் அதன் வாயில் மட்டுமே அடைபட்டிருக்கும் நிலையில், தடையை நீக்கினால் இயக்கம் மீளக்கூடும் என்பதே சிகிச்சைக்கு ஆதாரமான உண்மை.

படுத்திருக்கையில் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர், எழுந்து நின்ற சிறிது நேரத்தில் கண் இருண்டு, தலை கிறங்கி, பற்றிக்கொள்ளச் சுவரைத் தேடிக் கைநீட்டுகிறார். அப்போது நாடியைப் பிடித்துப் பார்த்தால், அழுத்தம் அவ்வளவு தாழ்ந்தும் அது போதிய அளவு விரைவு கொள்ளாதிருப்பது விரலுக்கே புலப்படும். நின்ற மூன்று நிமிஷங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அலகேனும் கீழ் அழுத்தம் 10 அலகேனும் குறைவது, நின்றால் அழுத்தம் தாழும் இக்கோளாற்றின் வரையறை. வியர்வையைச் சோதிக்க, உடல் முழுவதும் ஒரு பொடியைத் தூவி வெப்ப அறையில் கிடத்துவர். வியர்த்த இடம் ஊதா நிறம் கொள்ள, நரம்பு ஓய்ந்த இடம் பொடியின் பழைய நிறத்தோடு உலர்ந்தே கிடக்கும். இத்தனை பிரத்தியட்சமான நோயை மனப்பிரமை என்று தள்ளிவிடுவது நோயாளிக்கு இழைக்கும் பெரும் அநீதி.

மூலத்தை நோக்கிய சிகிச்சையில், கொடையாளிகளின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலினை, உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு மொத்தம் 2 கிராம் வீதம், இரண்டு முதல் ஐந்து நாட்களில் சிரை வழியாகச் செலுத்துவதும், எதிர்ப்பொருள் நிறைந்த பிளாஸ்மாவை வெளியேற்றி மாற்றுத் திரவம் ஏற்றுவதும் முதன்மையானவை. பலன் நிலைக்காவிடில் பிரெட்னிசோலோன், மைக்கோபீனோலேட், ரிட்டுக்சிமாப் முதலிய மருந்துகளைச் சேர்ப்பர். நோயாளிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேரிடமே எதிர்ப்பொருள் காணப்படுவதால், சோதனையில் அது தென்படவில்லை என்ற ஒன்றையே காரணமாக்கிச் சிகிச்சையை மறுத்தல் தகாது. ஷோக்ரன் என்னும் தன்னெதிர்ப்பு நோய் போன்றவற்றில் நரம்பிழைகளே சிதைந்திருப்பின் மீட்சி தாமதமாகும்.

மூலச் சிகிச்சை பலிக்கும்வரை நோயாளியை நிற்கவும் நடக்கவும் வைக்கும் உபாயங்களை இரண்டாந்தரமாக எண்ணுவது தவறு. உணவில் உப்பை மிகுத்தல், எழுமுன் அரை லிட்டர் நீரை ஒரே மூச்சில் அருந்துதல், வயிற்றை இறுக்கிக் கட்டுதல் ஆகிய எளியவையே பலருக்குப் பெருந்துணை. இவை போதாதபோது புளூட்ரோகார்ட்டிசோன், மிடோட்ரின், பைரிடோஸ்டிக்மின் ஆகிய மருந்துகள் உதவும். வறண்ட கண்ணுக்குச் செயற்கைக் கண்ணீரும், சிறுநீர் இறங்காதவர்க்கு வேளைதோறும் குழாயிட்டு வெளியேற்றுதலும் வேண்டியிருக்கும். வியர்க்காதவர் வெயிலில் நிற்பது ஆபத்து. நின்றால் தாழும் அழுத்தம் படுத்தால் அளவுமீறி உயரும் சுபாவமுடையதாகையால், மிடோட்ரினின் கடைசி வேளையைப் படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே முடித்து, கட்டிலின் தலைப்புறத்தை உயர்த்தி வைப்பர்.